கம்பிக்குள் ஓடும் ‘மேற்படி’

2018-ஆம் ஆண்டின் நடுவில் அசூஸ் நிறுவனத்தின் பிஜி27யூக்யூ என்ற மானிட்டர் விற்பனைக்கு வந்தது. 27 அங்குலத் திரை, 4கே துல்லியம், நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் வேகம், விலை சுமார் 2,000 டாலர். அதே சமயத்தில் ஏசர் நிறுவனமும் பிரிடேட்டர் எக்ஸ்27 என்ற பெயரில் இதே தகுதிகளோடு ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை கேம் ஆடுகிறவர்களுக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்த்தது. கூர்மை வேண்டும் என்றால் 4கே திரையை வாங்கிக்கொண்டு 60 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 60 படத்தோடு, நிறைவடைய வேண்டும். வேகம் வேண்டும் என்றால் கூர்மையை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே திரையில் கிடைக்கிறது என்றதும் அத்தனை விலை கொடுத்தும் வாங்கினார்கள்.

வாங்கி, கேபிளைச் செருகி, செட்டிங்கில் 144 என்று வைத்தவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். கேமுக்குள் இருக்கும்வரை எல்லாம் பளிச்சென்று இருந்தது. கேமை மூடிவிட்டு மின்னஞ்சலையோ இணையப் பக்கத்தையோ திறந்தால், எழுத்துகளின் ஓரங்களில் நிறம் கசிந்திருந்தது. மெல்லிய வண்ண எழுத்துகள் ஈரத்தாளில் எழுதியதுபோல் பரவித் தெரிந்தன. வேகத்தை 120-க்கு இறக்கினால் எழுத்து தெளிந்துவிடும். பத்து பிட் வண்ண ஆழமும் முழு நிறமும் சேர்ந்து வேண்டும் என்றால் 98-க்கு இறங்க வேண்டும். திரையில் குறையில்லை, கிராஃபிக்ஸ் கார்டிலும் குறையில்லை. அவ்வளவு படத்தையும் கொண்டுபோக, இரண்டுக்கும் நடுவில் இருந்த கம்பியால் முடியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 4கே திரையில் குறுக்கே 3,840 பிக்சல், நெடுக்கே 2,160 பிக்சல். மொத்தம் 82,94,400. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. எண்ணுக்கு எட்டு பிட் என்றால் பிக்சலுக்கு 24 பிட், பத்து பிட் என்றால் 30. நொடிக்கு 60 படம், 24 பிட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 1,194 கோடி பிட் ஓட வேண்டும். அதையே 144 படமாக்கினால் 2,867 கோடி. வண்ண ஆழத்தையும் பத்து பிட்டாக உயர்த்தினால் 3,583 கோடி. எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 4.5 ஜிகாபைட் வருகிறது. ஒரு டிவிடி வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். ஏறக்குறைய ஒரு டிவிடியை நொடிக்கு ஒருமுறை மேசைமேல் கிடக்கும் கேபிள் வழியாக ஊற்றிக்கொண்டே இருப்பதற்குச் சமம் இது.

அன்றைக்கு இருந்த வாசலில் பெரியது டிஸ்ப்ளேபோர்ட் 1.4. அதில் நான்கு தடங்கள். தடம் ஒன்றுக்கு நொடிக்கு 810 கோடி பிட், நான்கும் சேர்ந்து 3,240 கோடி. ஆனால் கம்பியில் தொடர்ந்து பூஜ்யங்களோ தொடர்ந்து ஒன்றுகளோ போனால் மறுமுனையில் இருக்கும் சில்லு தாளம் தவறிவிடும். அதனால் ஒவ்வொரு எட்டு பிட்டையும் பத்து பிட்டாக மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. படத்துக்கு மிஞ்சுவது 2,592 கோடி. தேவை 3,583, இருப்பது 2,592.

கம்பியைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். தண்ணீர்க் குழாய் என்றால் அப்படிச் செய்யலாம். இங்கே சிக்கல் வேறு. நொடிக்கு 810 கோடி பிட் என்றால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.12 நானோநொடி. செம்புக் கம்பியில் மின் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. அந்தக் கணப்பொழுதில் அது கடக்கும் தூரம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதாவது, கம்பிக்குள் ஒரு பிட்டின் நீளம் கட்டைவிரல் நுனியளவு. இரண்டு மீட்டர் கேபிளில் எந்த நொடியில் பார்த்தாலும் ஒரு தடத்தில் எண்பது பிட்டுகள் ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பெட்டி சிறியதாகச் சிறியதாக இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் எல்லைக்கோடு மங்கிக்கொண்டே வரும். அதிர்வெண் உயர உயர மின்னோட்டம் செம்பின் உட்புறத்தை விட்டுவிட்டு மேல்தோலில் மட்டும் ஓடத் தொடங்கும், தடை கூடும். சுற்றியுள்ள காப்புறையும் சமிக்ஞையின் ஆற்றலை உறிஞ்சும். கேபிளை நீளமாக்க முடியாமல் போவதும், தரமற்ற கேபிள்களில் திரை திடீர் திடீரென்று கறுப்பாவதும் இதனால்தான். 2019-இல் அறிவிக்கப்பட்ட டிஸ்ப்ளேபோர்ட் 2.0 தடத்துக்கு 2,000 கோடி பிட் வரை போகிறது. அங்கே ஒரு பிட்டின் நீளம் ஒரு சென்டிமீட்டர். அந்த வேகத்தைச் சாதாரணச் செம்புக் கேபிளில் ஒரு மீட்டருக்கு மேல் பிழையில்லாமல் கொண்டுபோவது பெரும்பாடு.

கம்பி வழிவிடவில்லை என்றால் சரக்கைக் குறைக்க வேண்டும். 2018-இன் அந்த மானிட்டர்கள் 144 ஹெர்ட்ஸில் கையாண்டது தொலைக்காட்சித் துறையின் பழைய உத்தி. நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரிகிற அளவுக்கு நிற வேறுபாடு நுணுக்கமாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் முழுதாக அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்குப் பொதுவாக ஒன்று என்று அனுப்புவது. 4:2:2 என்று எழுதப்படுவது இதுதான். மூன்றில் ஒரு பங்கு சரக்கு குறைந்துவிடும். முகம், வானம், மரம், கடல் என்று போகும் சினிமாக் காட்சிக்கு இது போதும். எழுத்துக்குப் போதாது. தமிழில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் சொல்லே மாறுகிறது. சிறிய எழுத்தளவில் அந்தப் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். நீலப் பின்னணியில் சிவப்பாக ‘கண்’ என்று எழுதி 4:2:2-இல் பாருங்கள். ‘ண்’-மேல் இருக்கும் புள்ளியின் சிவப்பில் பாதியைப் பக்கத்து நீலம் தின்றிருக்கும். நாள் முழுவதும் திரையைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதைவிட நல்ல வழி அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே தாளில் தயாராக இருந்தது. 2014 ஏப்ரலில், வெசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீடியோ மின்னணுத் தரநிலைச் சங்கம் ‘டிஸ்ப்ளே ஸ்ட்ரீம் கம்ப்ரஷன்’ என்ற தரநிலையை வெளியிட்டது. சுருக்கமாக டிஎஸ்சி. கைப்பேசித் திரைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் மிப்பி கூட்டமைப்பும் அதனோடு கைகோத்தது. அடிப்படை வழிமுறை பிராட்காம் நிறுவனத்தின் பொறியாளர்களிடமிருந்து வந்தது. 2016 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட டிஸ்ப்ளேபோர்ட் 1.4-க்குள்ளேயே அது இடம்பிடித்துவிட்டது. ஆனால் தரநிலையில் இருப்பது வேறு, கடையில் இருக்கும் மானிட்டரின் சில்லுக்குள் இருப்பது வேறு. கேம் மானிட்டர்களில் அது பரவலாகப் புகுந்தது 2020 வாக்கில்தான்.

படத்தைச் சுருக்க உலகில் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. யூடியூபும் வாட்ஸ்அப்பும் நூற்றுக்கணக்கான மடங்கு சுருக்கி அனுப்புகின்றன. அதையே இங்கும் போடலாமே? போட முடியாது. அந்த முறைகள் ஒரு படத்தை முந்தைய படத்தோடும் அடுத்த படத்தோடும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புகின்றன. அதற்கு முழுப் படங்களையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்தின் ஆயுள் 6.9 மில்லிநொடி. இரண்டு படம் காத்திருந்தால் 14 மில்லிநொடி போய்விடும், துப்பாக்கி விளையாட்டில் எதிரி முந்திக்கொள்வான். டிஎஸ்சியை வகுத்தவர்களுக்கு இருந்த நிபந்தனைகள் கடுமையானவை. முழுப் படத்தைப் பார்க்கக் கூடாது. மேலே உள்ள ஒரே ஒரு வரி நினைவில் இருக்கலாம், அவ்வளவுதான். மானிட்டருக்குள் இருக்கும் மலிவான சிறு சில்லே பிரித்துப் படிக்க வேண்டும். எத்தனை சிக்கலான படம் வந்தாலும் அனுப்பும் அளவு கூடவே கூடாது. இத்தனைக்கும் பிறகு, பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.

நம் பழைய பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் பார்த்தவர்களுக்கு ‘௸’ என்ற குறி தெரிந்திருக்கும். ‘மேற்படி’ என்று பொருள். சில பத்திரங்களில் ‘ஷை’ என்று இருக்கும். மேல் வரியில் ‘சம்பா நெல்’ என்று எழுதியாகிவிட்டது, கீழ் வரியிலும் அதே சம்பா நெல் என்றால் எழுத்தர் திரும்ப எழுத மாட்டார், ௸ போட்டுவிட்டு மூட்டைக் கணக்கை மட்டும் எழுதுவார். படிப்பவர் கண்ணை ஒரு வரி மேலே உயர்த்தித் தெரிந்துகொள்வார். டிஎஸ்சியின் உயிர் இந்தக் குறியில் இருக்கிறது. ஒரு பிக்சலின் எண்ணை முழுதாக எழுத வேண்டாம், அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்துவிட்டு, ஊகம் எவ்வளவு தவறியது என்பதை மட்டும் எழுதினால் போதும். பொறியியலில் இந்த முறைக்கு வயது எழுபதுக்கு மேல். பெல் ஆய்வகத்தின் சேப்பின் கட்லர் 1950-இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

ஊகிக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. திரையில் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு வருகிறோம். இப்போது எழுத வேண்டிய பிக்சலுக்கு இடப்பக்கத்து அண்டைவீடு, நேர் மேல்வீடு, மேல்வீட்டுக்கு இடப்பக்கத்து வீடு ஆகிய மூன்றும் ஏற்கெனவே தெரியும். இடப்பக்கம் 100, மேலே 104, மூலையில் 101 என்று வைத்துக்கொள்வோம். மூலையிலிருந்து மேலே போகும்போது மூன்று கூடுகிறது. அப்படியானால் இடப்பக்கத்திலிருந்து இங்கே வரும்போதும் மூன்று கூடலாம். ஊகம் 103. நிறம் மெல்ல மாறும் வானத்துக்கும் சுவருக்கும் இது பொருந்தும். சரி, ஓர் எழுத்தின் செங்குத்தான ஓரம் குறுக்கிட்டால்? இடப்பக்கம் 200, மூலையும் 200, மேலே மட்டும் 60. வெளிச்சம் மேல்வரியில் எங்கே அறுந்ததோ அதே இடத்தில் இந்த வரியிலும் அறுந்திருக்க வேண்டும். ஆகவே ஊகம் 60. கிடைமட்ட ஓரம் என்றால்? இடப்பக்கம் 200, மேலேயும் மூலையிலும் 60. மேல்வரி முழுதும் இருட்டு, இந்த வரி வெளிச்சம். ஊகம் 200. மூலையின் எண் மற்ற இரண்டையும்விடச் சிறிதானாலும் சமமானாலும் அவ்விரண்டில் பெரியதை எடு. பெரிதானாலும் சமமானாலும் சிறியதை எடு. நடுவில் இருந்தால் இரண்டையும் கூட்டி மூலையைக் கழி. மூன்றே மூன்று வாக்கியம். பெருக்கல்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு ஓரம் எது, சமவெளி எது என்று கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த விதி ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தில் 1990-களில் உருவான லோகோ-ஐ என்ற படச்சுருக்க முறையைச் சேர்ந்தது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ஊர்திகளும் இழப்பில்லாமல் படம் அனுப்பத் தேவைப்பட்டபோது லோகோவின் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்தின. செவ்வாயில் இருக்கும் கணினிக்கும் வலு குறைவு, நேரமும் குறைவு. மானிட்டரின் சில்லுக்கும் அதே கதை. டிஎஸ்சி இந்த விதியைத் தன் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொண்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த உத்தியின் திருத்திய வடிவம் இரண்டு மீட்டர் கேபிளுக்குள் ஓடுகிறது.

ஊகத்துக்கு முன்னால் இன்னொரு வேலை நடக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று வரும் எண்களைக் கூட்டிக் கழித்து ஒரு வெளிச்ச எண்ணாகவும் இரண்டு நிற வேறுபாட்டு எண்களாகவும் மாற்றுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் மால்வரும் சல்லிவனும் 2003-இல் தந்த வழி அது. கூட்டலும் கழித்தலும் பாதியாக்கலும் மட்டுமே, ஆனால் திருப்பிப் போட்டால் ஒரு பிட்கூடப் பிசகாமல் பழைய எண்களே வந்துவிடும். 4:2:2-ஐப்போல் இங்கே யாருடைய நிறத்தையும் பக்கத்து வீட்டோடு பங்குபோட வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பிக்சல்களை மூன்று மூன்றாகச் சேர்க்கிறார்கள். ஒரு மூவர் குழுவின் வெளிச்ச எண்கள் 104, 103, 105 என்றும், ஊகங்கள் 103, 103, 104 என்றும் வைத்துக்கொள்வோம். தவறிய அளவு 1, 0, 1. மூன்றையும் தலா இரண்டே பிட்டில் எழுதிவிடலாம், மொத்தம் ஆறு. ‘இந்தக் குழுவில் ஒவ்வோர் எண்ணும் இரண்டு பிட்’ என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் ஓரிரு பிட். அனுப்பியிருக்க வேண்டியது 24. ஊகம் சரியாக இருக்கும் இடமெல்லாம் லாபம்.

கணினித் திரைக்கு இன்னொரு குணம் உண்டு, அதை டிஎஸ்சியை வகுத்தவர்கள் சரியாகப் பிடித்தார்கள். இயற்கைக் காட்சியில் லட்சக்கணக்கான நிறங்கள் இருக்கும். ஒரு வேர்டு கோப்பிலோ கேமின் மூலையில் இருக்கும் தோட்டாக் கணக்கிலோ நான்கைந்து நிறங்களே திரும்பத் திரும்ப வரும். ஆனால் அவை பக்கத்தில் பக்கத்தில் எகிறிக் குதிக்கும், ஊகத்துக்குப் பிடிபடாது. ஆகவே கடைசியாக வந்த 32 நிறங்களை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஆளுக்கொரு பட்டியலாக வைத்துக்கொள்கிறார்கள். ‘பட்டியலில் ஏழாவது’ என்று சொன்னால் போதும். 32-இல் ஒன்றைச் சொல்ல ஐந்து பிட் செலவு. மூன்று பிக்சலுக்கு 15, முழுதாக எழுதினால் 72. ஒவ்வொரு குழுவுக்கும் ஊகம் மலிவா, பட்டியல் மலிவா என்று அந்தக் கணத்திலேயே முடிவாகிறது.

இதுவரை சொன்னதில் எதையும் தூக்கி எறியவில்லை. எறிய வேண்டிய கட்டாயம் எங்கே வருகிறது? படத்தின் ஒரு பகுதி எளிதாகச் சுருங்கும், மறு பகுதி சுருங்க மறுக்கும். மழை ஒரு நாள் தூறும், ஒரு நாள் கொட்டும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் ஒரே அளவில் ஓட வேண்டும். நம் ஊர்களில் இதற்குத்தான் ஏரியும் மதகும். டிஎஸ்சிக்குள்ளும் ஒரு சிறிய ஏரி இருக்கிறது, சில ஆயிரம் பிட் கொள்ளளவு. சுருக்கிய பிட்டுகள் அதில் ஏறியும் இறங்கியும் வந்து விழும். மதகு வழியாக வெளியே போவது எப்போதும் ஒரே அளவு, பெரும்பாலும் பிக்சலுக்கு எட்டு பிட். தொடர்ந்து சிக்கலான பகுதி வந்து ஏரி நிறையத் தொடங்கினால், ஊகம் தவறிய அளவுகளை இரண்டாலோ நான்காலோ எட்டாலோ வகுத்துத் தோராயமாக்குகிறது. 13 தவறியது என்றால் எட்டால் வகுத்து ‘இரண்டு’ என்று எழுதும். மறுமுனையில் அது 16 ஆகும். மூன்று பிசகு. இழப்பு நடப்பது இந்த இடத்தில் மட்டும்.

அந்த மூன்று, அடுத்த பிக்சலுக்கும் அதற்கடுத்ததற்கும் தொற்றிக்கொண்டு பெருகிவிடாதா? பெருகாது. அனுப்புகிறவர் அடுத்த ஊகத்தைத் தன்னிடம் இருக்கும் அசல் எண்ணிலிருந்து போடுவதில்லை. மறுமுனையில் இருப்பவரிடம் இப்போது என்ன எண் இருக்குமோ, அந்தப் பிசகிய எண்ணிலிருந்தே போடுகிறார். இருவரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதுவதுபோல. ஆகவே பிசகு உடனுக்குடன் அடுத்த கணக்கில் நேராகிவிடுகிறது.

தோராயத்தை எந்த இடத்தில் செய்வது என்பதில் கண்ணின் இயல்பு துணைக்கு வருகிறது. புல்வெளி, சரளைக்கல், மரப்பட்டை மாதிரி இரைச்சலான இடத்தில் ஒரு பிக்சல் மூன்று எண் கூடினாலும் குறைந்தாலும் நமக்குத் தெரியாது. தெளிந்த வானத்தில் தெரியும். ஏரி நிறைவது இரைச்சலான இடத்தில்தான், ஆகவே பிசகும் அங்கேயே மறைந்துகொள்கிறது. ஆபத்து எல்லையில் இருக்கிறது. மரக்கிளையின் சிக்கல் முடிந்து சட்டென்று வானம் தொடங்கும் இடம். ஏரி நிறைந்த நிலையிலேயே வானத்துக்குள் நுழைந்தால் கிளையின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். இதற்கென்றே, இனி வரப்போவது சமவெளி என்று அனுப்புகிறவர் முன்கூட்டிக் குறிப்பு கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். குறிப்பு கிடைத்ததும் தோராயத்தை நிறுத்தி நுணுக்கத்துக்கு இறங்கிவிடும். இந்த ஒரு ஏற்பாட்டைப் படித்தபோதுதான், இதை வகுத்தவர்கள் எண்களோடு நிற்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கண்ணையும் கவலையோடு நினைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

சுருக்கிய சமிக்ஞையில் ஒரு பிட் கெட்டால் அதையொட்டிய பல பிக்சல்கள் கெடும். எனவே படத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குகிறார்கள். ஒரு துண்டின் நோய் அடுத்ததற்குப் பரவாது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இதற்குத் துணையாக ரீட்-சாலமன் பிழைதிருத்தத்தையும் சேர்த்தது. சிடி வட்டின் கீறல்களைத் தாண்டிப் பாட்டைக் கேட்க வைத்த அதே கணிதம்.

பலன் என்ன? 4கே, 144 ஹெர்ட்ஸ், பத்து பிட். 3,583 கோடியாக இருந்தது பிக்சலுக்கு எட்டு பிட்டாகச் சுருங்கியதும் 955 கோடிதான். சுருக்காத 60 ஹெர்ட்ஸ் படத்தைவிடக் குறைவு. 240 ஹெர்ட்ஸ் 4கே திரைகள் பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வாசல் வழியாகவே ஓடுவது இதனால்தான். சாம்சங் 2023-இல் கொண்டுவந்த 57 அங்குல ஒடிஸி நியோ ஜி9-இல் இரண்டு 4கே திரைகள் ஒட்டியதுபோல் 7,680-க்கு 2,160 பிக்சல், நொடிக்கு 240 படம். சுருக்காமல் அனுப்பப் பத்து பிட்டில் 11,944 கோடி பிட் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 2.1-இன் உச்ச வேகத்தில்கூட 7,737 கோடிதான் போகும். டிஎஸ்சி இல்லாமல் அப்படியொரு திரையை முழு வேகத்தில் ஒரே கேபிளில் ஓட்டவே முடியாது.

தாமதம் பற்றிக் கேம் ஆடுகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். டிஎஸ்சி கூட்டுகிற தாமதம் ஏறத்தாழ ஒரு வரியை எழுதும் நேரம். 4கே 60 ஹெர்ட்ஸில் அது 7.5 மைக்ரோநொடி, 144-இல் மூன்று சொச்சம். விரல் பட்டனை அழுத்தி முடிக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை. நடைமுறையில் வேறு சில சங்கடங்கள் உண்டு. சில கிராஃபிக்ஸ் கார்டுகள் மிக உயர்ந்த திரைகளுக்கு டிஎஸ்சியில் உள்ளே இரண்டு வெளியீட்டுப் பாதைகளைச் செலவிடுகின்றன. நான்கு மானிட்டர் இணைக்க நினைத்தவருக்கு மூன்றோ இரண்டோதான் வாய்க்கும். கேமிலிருந்து டெஸ்க்டாப்புக்குத் தாவும்போது திரை ஓரிரு நொடி இருண்டு திரும்புவதும் உண்டு.

இனி, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ‘கண்ணுக்கு இழப்பில்லாதது’ என்று வெசா சொல்கிறது. உண்மையா? இதை அளக்க ஐஎஸ்ஓ 29170 என்ற தரநிலையே இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்று அசல், அசையாமல் நிற்கும். மற்றதில் அசலும் சுருக்கியதும் மாறி மாறி வேகமாக வரும். இரண்டுக்கும் துளி வித்தியாசம் இருந்தாலும் அந்த இடம் மினுக்கும். எது மினுக்குகிறது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வரும். நான்கில் மூன்றுக்கு மேல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாவிட்டால் அந்தப் படம் தேறியது. கனடாவின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஎஸ்சியை இந்த முறையில் சோதித்தார்கள். பெரும்பாலான படங்கள் தேறின. சில படங்களில் சிலர் கண்டுபிடித்தார்கள்.

சோதனை ஒருவகையில் வாழ்க்கையைவிடக் கடுமையானது. வீட்டில் யாரும் அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மினுக்கவிட்டுப் பார்ப்பதில்லை. இன்னொரு வகையில் தளர்வானது. நான்கில் மூன்று என்ற கோடு தாராளமானது, வேண்டுமென்றே சிக்கலாகச் செய்த சோதனைப் படங்களை ஒதுக்கிவைக்கவும் தரநிலை இடம் தருகிறது. பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பே இல்லாத இரைச்சலை யாராவது திரை முழுக்க நிரப்பினால் டிஎஸ்சி திணறத்தான் செய்யும். ஊகத்துக்கும் அங்கே பிடி கிடைக்காது, நிறப்பட்டியலும் உதவாது. ஆக, இழப்பு உண்டு. கேம் ஆடும்போதும் எழுதும்போதும் படிக்கும்போதும் அது நம் கண்ணுக்கு எட்டாது என்பதே சரியான வாக்கியம். விளம்பரத்தில் ‘இழப்பில்லாதது’ என்று மட்டும் அச்சடித்துவிட்டு ‘கண்ணுக்கு’ என்ற சொல்லை விழுங்குவது தவறு. மருத்துவப் படங்களை அளந்து பார்க்கிறவர்களும், நிறத்தை எண்ணாக வைத்து வேலை செய்கிறவர்களும் அந்தச் சொல் இருக்கிறதா என்று கேட்க உரிமை உள்ளவர்கள்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். பெட்டியின் மேல் டிஎஸ்சி என்று இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். சுளிக்க வேண்டியது நிறத்தைப் பங்குபோடும் 4:2:2-ஐயும் 4:2:0-ஐயும் பார்த்து. டிஎஸ்சி எங்கே கைவைத்தால் தெரியாது என்று பிக்சலுக்குப் பிக்சல் பார்த்துக் கைவைக்கிறது. நிறப் பங்கீடு எதையும் பார்க்காமல் எல்லா இடத்திலும் நிறத்தில் பாதியையோ முக்கால் பங்கையோ வெட்டிவிடுகிறது. அதிகம் பேசப்படுவது டிஎஸ்சி, சத்தமில்லாமல் நடப்பது நிறப் பங்கீடு. மானிட்டர் விற்பவர்கள் ‘144’, ‘240’ என்று பெரிய எழுத்தில் போடும்போது, அந்த வேகம் முழு நிறத்தோடு கிடைக்குமா, அதற்கு டிஎஸ்சி வேண்டுமா என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுத வேண்டும். 2018-இல் 2,000 டாலர் கொடுத்தவர்களுக்கு அந்த ஒரு வரி கிடைத்திருக்க வேண்டும்.

உங்கள் மேசையில் இப்போது என்ன ஓடுகிறது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். ரெஃப்ரெஷ் ரேட்டுக்குப் பக்கத்தில் பிட் ஆழமும் கலர் ஃபார்மட்டும் எழுதியிருக்கும். ‘ஆர்ஜிபி’ என்று இருந்தால் கவலையில்லை. ‘ஒய்சிபிசிஆர் 4:2:2’ என்றோ ‘4:2:0’ என்றோ இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு வேகத்தை ஒரு படி இறக்குங்கள். நீலத்தின்மேல் சிவப்பாக எழுதிய ‘கண்’ அப்போது புள்ளியோடு தெளிவாகத் தெரியும்.